நெரிசலில் கொதிக்கும் மோட்டார் எஞ்சின்: காரணமும் பரிகாரமும்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லைக்கு அண்மையில் அமைந்த ஊர் குளத்தூர். கடலோரத்துப் பொழியூரும் பூவாறும் அதற்கு ஒரு புறம். தேசிய நெடுஞ்சாலை ஓரத்துப் பாறசாலை மறு புறம். இவ்வட்டாரத்து மக்கள் பெரிய மருத்துவமனையை நாடித் திருவனந்தபுரத்துக்குச் செல்வதுண்டு. தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆயினும், அமரவிளையில் நெய்யாற்றுப் பாலத்தைக் கடந்து, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், கரமனை என்று செல்லும் அந்த வழியில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 2010-ஆம் ஆண்டு வரை 47 என்னும் எண்ணையும், அதன்பின் 66 என்னும் எண்ணையும் தாங்கிவரும் இந்நெடுஞ்சாலையில், விழிஞ்ஞம் சாலையும் காட்டாக்கடைச் சாலையும் வந்து சேரும் பாலராமபுரம் சந்திப்பு நெரிசலுக்குப் பெயர்போனது.

நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒரு மோட்டார் வண்டி இவ்வழியே புறப்படுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். நெய்யாற்றின்கரை வரையில் குறையொன்றும் இல்லை. பாலராமபுரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிடுகின்றன. பத்து நிமிஷத்தில் உஷ்ணமானியின் முள் மெல்ல எழும்புகிறது. ஓட்டுநர் கவலையுடன் பார்த்துக்கொண்டிருக்கையில் வழி திறக்கிறது. வண்டி ஓடத் தொடங்கியதும் முள் தானாகவே இறங்குகிறது. 'தொல்லை நீங்கிற்று' என்று அவர் எண்ணுகிறார். அடுத்த நெரிசலில் முள் மறுபடியும் ஏறுகிறது. இம்முறை சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறது. முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்புகிறது. வண்டி ஓரங்கட்டப்படுகிறது. உள்ளே நோயாளி காத்திருக்கிறார்.

இவ்வண்டியின் கோளாறு என்ன? பலரும் உடனே கூறும் விடை, 'தண்ணீர் போதவில்லை' என்பதே. இவ்விடை சில சமயம் சரியாக இருக்கலாம். ஆனால், ஓடும்போது தணிந்து நிற்கும்போது ஏறும் உஷ்ணம் வேறொரு காரணத்தைத் தெளிவாகச் சுட்டுகிறது. அதை அறிந்துகொண்டால், வண்டியின் எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னரே நோயை ஏறக்குறைய நிர்ணயித்துவிடலாம்.

உஷ்ணம் பிறப்பதும் வெளியேறுவதும்

எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கே சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு சிலிண்டர்ச் சுவர்களைச் சூடாக்குகிறது. இவ்வுஷ்ணத்தை அகற்றாவிடில் உலோகப் பாகங்கள் பெருத்து ஒன்றோடொன்று இறுகிவிடும். எண்ணெய் தன் வழவழப்பை இழக்கும்.

ஆகவே சிலிண்டர்களைச் சுற்றிலும் நீர் ஓடுவதற்கு வழி அமைத்திருக்கிறார்கள். எஞ்சினால் இயக்கப்படும் பம்பு அந்நீரைச் சுற்றிவரச் செய்கிறது. சூடேறிய நீர் முன்புறத்திலுள்ள ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களின் வழியே பாயும்போது, அவற்றின் இடையே புகும் காற்று உஷ்ணத்தைக் கவர்ந்து செல்கிறது. குளிர்ந்த நீர் மீண்டும் எஞ்சினை அடைகிறது. இடையில் தெர்மாஸ்டாட் என்னும் அடைப்பிதழ் ஒன்று உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொண்டு, நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் தடுக்கும். வண்டியின் வகைக்கேற்ப 80 முதல் 90 டிகிரி சென்டிகிரேடு அளவில் திறக்கத் தொடங்கும். இக்கட்டுரையில் கூறப்படும் வெப்பநிலைகள் யாவும் சென்டிகிரேடு அளவே.

இந்த ஏற்பாட்டில் உஷ்ணம் இரண்டு கைகள் மாறுகிறது. உலோகத்திலிருந்து நீருக்கு மாறுவது முதலாவது. நீரிலிருந்து காற்றுக்கு மாறுவது இரண்டாவது. எந்தக் கை தளர்ந்தாலும் எஞ்சின் கொதிக்கும். எந்தக் கை தளர்ந்தது என்று கண்டறிவதே பழுது பார்ப்பதன் முதற்படியாகும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு சிறிய கார் நின்ற நிலையில் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது மணிக்குச் சுமார் 0.7 லிட்டர் பெட்ரோல் செலவாவதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் சக்தி அடங்கியுள்ளது. எனவே பெட்ரோல் எரிவதால் வெளிப்படும் சக்தி 6 கிலோவாட்டுக்குச் சற்று மிகுதி. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2 கிலோவாட், நீரை வந்தடைகிறது. வீட்டில் தண்ணீர் காய்ச்சும் மின்சாரக் கம்பிச்சுருள் இரண்டினை ரேடியேட்டருக்குள் இட்டு இடைவிடாது காய்ச்சுவதற்கு இது ஒப்பாகும்.

இதே கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது மணிக்கு 3 லிட்டருக்கு மேல் பெட்ரோல் செலவாகும். அப்பொழுது நீரை வந்தடையும் உஷ்ணம் ஏறத்தாழ 10 கிலோவாட். அஃதாவது நிற்கும்போது உள்ளதைப் போல் ஐந்து மடங்கு! ஐந்து மடங்கு உஷ்ணத்தை எளிதில் அகற்றிவிடும் ரேடியேட்டர், ஒரு மடங்கு உஷ்ணத்தை அகற்ற முடியாமல் ஏன் தவிக்கிறது?

இங்குதான் விடை இருக்கிறது. 2 கிலோவாட் உஷ்ணத்தைக் கொண்டு செல்ல, ரேடியேட்டரில் 5 டிகிரி தணியும் நீர் நொடிக்கு ஒரு லிட்டரில் பத்தில் ஒரு பங்கு ஓடினாலே போதும். ஆனால் அதே உஷ்ணத்தை ஏற்றுக்கொண்டு 20 டிகிரி சூடேறும் காற்றோ நொடிக்குச் சுமார் 80 லிட்டர் தேவை. ஓடும் வண்டிக்கு இக்காற்று தானாகவே கிடைக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 14 மீட்டர் விரைவுடன் காற்று முகப்பில் மோதுகிறது. நிற்கும் வண்டிக்கு விசிறி ஒன்றே கதி. ஆகவே, நெரிசலில் மட்டும் கொதிக்கும் எஞ்சினுக்குக் குறைவாக இருப்பது பெரும்பாலும் காற்றேயாகும். நெடுஞ்சாலையில் தணிந்த முள், பம்பும் தெர்மாஸ்டாட்டும் ரேடியேட்டர்க் குழாய்களும் பெரும்பாலும் நன்னிலையில் உள்ளன என்று நற்சான்று வழங்கிவிட்டது.

நம் நாட்டின் வெயிலும் இக்குறையைப் பெரிதாக்குகிறது. காற்றின் வெப்பநிலை 33 டிகிரியாகவும் நீரின் வெப்பநிலை 90 டிகிரியாகவும் இருந்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 57 டிகிரி. முன்னும் பின்னும் வண்டிகள் நெருங்கி நிற்கும் தார்ச் சாலையில், குளிர்சாதனத்தின் உஷ்ணமும் சேர்ந்து, ரேடியேட்டருக்குள் புகும் காற்று 50 டிகிரியாக இருந்தால் அவ்வேறுபாடு 40 டிகிரியாகக் குறைகிறது. உஷ்ணம் கைமாறும் வேகமும் அவ்விகிதத்திலேயே குறையும். குளிர்சாதனத்தின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தப்பட்டிருப்பதையும், அதன் கம்ப்ரஸரை எஞ்சினே சுழற்றுவதையும் நினைவிற் கொள்க.

விசிறி பிறந்த வரலாறு

மோட்டார் வண்டி தோன்றிய நாள்முதல் இருந்துவரும் தொல்லை இது. 1886-இல் ஜெர்மனியில் காரல் பென்ஸ் உருவாக்கிய வண்டியில், எஞ்சினைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாவதன் மூலமே உஷ்ணம் அகன்றது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சுமார் 100 கிலோமீட்டர் அவ்வண்டியிற் பிரயாணம் செய்தபோது, வழிநெடுகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வு கண்டவர் வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியியல் வல்லுநர். 1901-இல் ஓடத் தொடங்கிய மெர்ஸிடிஸ் வண்டிக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் ஒன்றை அமைத்தார். 6 மில்லிமீட்டர் சதுரத் துளையுள்ள 8,070 சிறு குழாய்கள் அதில் இருந்தன. முந்திய வண்டிக்கு 18 லிட்டர் நீர் தேவைப்பட்டது. இதற்கு 9 லிட்டரே போதுமானதாயிற்று. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. வண்டி மெதுவாகச் செல்லும்போது காற்று போதாது என்பதை உணர்ந்து, ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறியையும் வைத்தார். இன்றைய வண்டிகளின் விசிறி அவ்விசிறியின் வழிவந்ததே.

நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டு ஓடிய அம்பாஸடர் காரில் விசிறி, தண்ணீர்ப் பம்பின் தண்டிலேயே பொருத்தப்பட்டு, ஃபேன் பெல்ட் என்னும் வாரால் எஞ்சினுடன் இணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகவே சுழலும். காற்று மிகுதியாக வேண்டிய நெரிசலில்தான் விசிறி மிகவும் சோம்பிக் கிடக்கும் என்பது இவ்வமைப்பின் குறை. 1983-இல் விற்பனைக்கு வந்த மாருதி 800 போன்ற வண்டிகளில் எஞ்சின் குறுக்குவாட்டில் அமைந்தது. மின்சார மோட்டாரால் இயங்கும் விசிறி வழக்கத்துக்கு வந்தது. எஞ்சினின் வேகம் எதுவாயினும், நீர் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் இவ்விசிறி முழு வேகத்தில் சுழலும். பழைய குறை தீர்ந்தது. ஆனால் ஃபியூஸ், ரிலே, சுவிட்சு, கம்பி, மோட்டார் என்று பழுதடையத்தக்க உறுப்புகள் பெருகின.

அறிகுறியைப் படிக்கும் முறை

எஞ்சின் எப்பொழுது சூடேறுகிறது என்பதே முதல் வினா. நெரிசலில் மட்டும் ஏறி, ஓடும்போது தணிந்தால் விசிறியையும் காற்று செல்லும் வழியையும் சோதிக்க. வேகமாக ஓடும்போதும் மேடேறும்போதும் சூடேறி, மெதுவாகச் செல்லும்போது தணிந்தால் ரேடியேட்டர்க் குழாய்களில் அடைப்பு, முழுமையாகத் திறவாத தெர்மாஸ்டாட், பம்பின் பழுது ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். எல்லா நிலையிலும் சூடேறினால், நீர் குறைந்துள்ளதா, சிலிண்டர் ஹெட் கேஸ்கட் பழுதடைந்துள்ளதா என்று காண்க.

உஷ்ணமானியைப் பற்றியும் இரண்டு செய்திகள் கூறல் வேண்டும். பல புதிய வண்டிகளில் நீரின் வெப்பநிலை ஓரளவு ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அத்தகைய முள் நடுவை விட்டு நகர்ந்தால் ஆபத்து அணுகிவிட்டது என்று பொருள். மேலும், நீர் பெரிதும் குறைந்து சென்சார் நீருக்கு வெளியே நின்றுவிட்டால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கையிலேயே முள் திடீரெனக் கீழிறங்கக் கூடும். அதைக் கண்டு மகிழ்ந்து வண்டியை ஓட்டுபவர் எஞ்சினையே இழக்க நேரிடும்.

சோதனை செய்யும் ஒழுங்கு

சோதனைகளை எளிதிலிருந்து அரிதுக்கும், செலவற்றதிலிருந்து செலவு மிக்கதற்கும் செல்லும் வரிசையில் மேற்கொள்வது நலம்.

முதலாவதாக, எஞ்சின் முற்றிலும் ஆறியபின் நீரின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். துணைத்தொட்டியில் நீர் இருந்தாலும் ரேடியேட்டரில் குறைந்திருக்கலாம். ஆகவே மூடி உள்ள வண்டிகளில் இரண்டையும் காண்பது அவசியம். மட்டம் அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிவு உண்டு. ரப்பர்க் குழாய்களின் இணைப்புகள், பம்பின் அடிப்பக்கம், ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள் ஆகியவற்றில் வெண்மையாகவோ பச்சையாகவோ உலர்ந்த கறை தென்படுகிறதா என்று தேடுக.

இரண்டாவது, விசிறி. மின்சார விசிறியுள்ள வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கண்காணிக்க வேண்டும். முள் வழக்கமான இடத்தைச் சற்றுக் கடந்ததும் விசிறி சுழலத் தொடங்கி, சிறிது நேரத்தில் நின்று, மறுபடியும் சுழல வேண்டும். சுழலாவிடில் குளிர்சாதனத்தை இயக்கிப் பார்க்கலாம். பெரும்பாலான வண்டிகளில் குளிர்சாதனம் இயங்கியதும் விசிறியும் சுழலும். அப்பொழுது சுழன்றால் மோட்டார் நன்றாக உள்ளது. சூட்டை உணர்த்தும் சுவிட்சோ சென்சாரோ பழுதாகியிருக்கலாம். அப்பொழுதும் சுழலாவிடில், ஃபியூஸைப் பார்க்க. பின்னர் ரிலேயைப் பார்க்க. அதன்பின் பட்டறைக்காரரைக் கொண்டு மோட்டாருக்கு பாட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துச் சோதிக்க. நேராகக் கொடுத்தும் சுழலாத மோட்டாரை மாற்றியே ஆக வேண்டும்.

சுழலும் விசிறியும் ஏமாற்றக் கூடும். கரித்துண்டுகள் தேய்ந்த மோட்டார் சோம்பிச் சுழலும். ஒரு வேகம் பழுதாகி மற்றொரு வேகத்தில் மட்டும் இயங்கும் விசிறிகளும் உண்டு. பழுது பார்த்தபோது கம்பிகளை மாற்றி இணைத்திருந்தால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று, காற்றை முன்னோக்கித் தள்ளும். ரேடியேட்டரின் முன்புறம் ஒரு மெல்லிய தாளை வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். தாள் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டால் காற்று சரியான திசையில் செல்கிறது.

எச்சரிக்கை: எஞ்சினை நிறுத்திய பின்னும் மின்சார விசிறி திடீரெனச் சுழலத் தொடங்கலாம். ஆகவே கையையோ துணியையோ விசிறிக்கு அருகில் கொண்டுசெல்வதற்கு முன் பாட்டரி இணைப்பை அகற்றிவிட வேண்டும்.

பெல்ட்டால் இயங்கும் விசிறியாயின், எஞ்சின் நின்றிருக்கும்போது பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க. பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை தாழ்வது முறை. அதற்கு மேல் தாழ்ந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று கொள்ளலாம். அவ்வழுக்கலால் பெரும்பாலும் பம்பும் மெதுவாகவே சுழலும், தொல்லை இரட்டிப்பாகும்.

மூன்றாவது, காற்று செல்லும் வழி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள குறுகிய வெளியில் பூச்சிகளும் இலைச்சருகும் தூசும் சேர்ந்து கம்பளம்போல் படிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் இது தெரிவதில்லை. பின்புறத்திலிருந்து முன்புறமாக, மிதமான வேகத்தில் நீரைப் பாய்ச்சிக் கழுவுவது நன்று. கடும் வேகத்தில் பாய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்து, காற்றின் வழி நிரந்தரமாக அடைபடும். விசிறியைச் சூழ்ந்துள்ள கூண்டும், எஞ்சினுக்கு அடியிலுள்ள தடுப்புத் தட்டும் தம் இடத்தில் உள்ளனவா என்றும் காண்க. பழுது பார்க்கும்போது கழற்றி எறியப்படும் இவை வெறும் அலங்காரம் அல்ல. கூண்டு இல்லாவிடில் விசிறி, ரேடியேட்டர் முழுவதன் வழியாகவும் காற்றை இழுக்க இயலாது; சூடான காற்றையே மீண்டும் மீண்டும் சுற்றவிடும்.

விசிறி நன்றாயிருந்தும் சூடு தணியாவிடில்

மேற்கூறிய மூன்றும் குற்றமற்றவையாயின், அடுத்ததாக ரேடியேட்டர் மூடியை ஆராய வேண்டும். விலை மிகக் குறைந்த இவ்வுறுப்பு, நீரை அழுத்தத்தில் வைத்து அதன் கொதிநிலையை உயர்த்துகிறது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோகிராம் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டால் இப்பாதுகாப்பு போய்விடும். எஞ்சின் உண்மையில் அளவுக்கு மீறிச் சூடேறாதபோதும் நீர் கொதித்து வழியும்.

அடுத்தது தெர்மாஸ்டாட். இதைக் கழற்றி, ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் அடுப்பில் ஏற்றினால், அதன்மேற் பொறித்த வெப்பநிலையை ஒட்டி அது திறப்பதைக் கண்ணாரக் காணலாம். திறவாவிடில் புதியது பொருத்துக. சில பட்டறைகளில் தெர்மாஸ்டாட்டை அறவே அகற்றிவிட்டு, 'நம் ஊர் வெப்பத்துக்கு இது தேவையில்லை' என்று கூறும் வழக்கம் உண்டு. இது தவறு. எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதமாவதால் தேய்மானமும் பெட்ரோல் செலவும் மிகும். அன்றியும், துணைவழியை மூடும் பணியையும் தெர்மாஸ்டாட்டே செய்யும் வண்டிகளில், அதை அகற்றினால் சூடான நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சூடு குறைவதற்கு மாறாக ஏறக்கூடும்.

இறுதியாக, ஹெட் கேஸ்கட். ஆறிய எஞ்சினை இயக்கியவுடன் ரேடியேட்டர் வாயில் இடைவிடாது குமிழிகள் எழுதல், புகைக்குழாயில் இனிய மணமுள்ள வெண்புகை, எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படிவு ஆகியவை இதன் அறிகுறிகள். எரிந்த வாயு நீரில் கலந்துள்ளதா என்பதை, நீலநிறத் திரவம் மஞ்சளாக மாறும் இரசாயனச் சோதனையாலும் பட்டறையில் உறுதிப்படுத்தலாம். நெரிசலில் பழுதுற்ற விசிறியுடன் பலமுறை கொதித்த எஞ்சின்கள் முடிவில் வந்து சேரும் இடம் இதுவே. அலுமினியம் சூட்டினால் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். இரும்பு பிளாக்கின்மீது இறுக்கப்பட்ட அலுமினிய ஹெட், அளவுக்கு மீறிச் சூடேறினால் வளைந்துவிடுகிறது. ஒரு ஃபியூஸின் விலையில் தீர்ந்திருக்க வேண்டிய குறை, எஞ்சினைப் பிரிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது.

கிணற்று நீரும் கூலண்டும்

கொதித்த வண்டிக்கு அருகிலுள்ள கிணற்றிலிருந்து நீர் மொண்டு ஊற்றுவது நம் வழக்கம். ஆபத்துச் சமயத்தில் இது குற்றமன்று. ஆனால் அதையே நிரந்தர ஏற்பாடாகக் கொள்ளலாகாது. கடலோரக் கிணறுகளில் உவர்ப்பு ஏறியிருந்தால், அந்நீரிலுள்ள உப்பு அலுமினிய ரேடியேட்டரையும் ஹெட்டையும் அரிக்கும். கடினநீரிலுள்ள சுண்ணாம்பு, கெண்டியின் அடியிற் படிவதுபோல், சூடான சுவர்களின்மேல் ஓடாகப் படியும். ஆகவே வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் கலந்து ஊற்றுவதே முறை. கூலண்ட் குளிர்நாடுகளுக்கே உரியது என்று எண்ண வேண்டா. சரிபாதி கலந்தால் அது கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துவதோடு, துருவையும் அரிப்பையும் தடுக்கிறது. பம்பின் அடைப்பு வளையத்தையும் காக்கிறது. கிணற்று நீர் ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியபின் அதை வடித்துவிட்டு உரிய கலவையை நிரப்புக.

சூடான மூடியைத் திறவாதீர்

நெரிசலில் நின்ற வண்டியின் மூடியைப் பதற்றத்தில் திறந்து முகத்தையும் கைகளையும் வேகவைத்துக்கொள்வோர் பலர். ரேடியேட்டரில் 115 டிகிரிச் சூட்டில் 4 லிட்டர் நீர் அடைபட்டிருப்பதாகக் கொள்வோம். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் நீங்குகிறது. 100 டிகிரிக்கு மேற்பட்ட சூடு முழுவதும் நீரின் ஒரு பகுதியை ஆவியாக்கிவிடுகிறது. அப்பகுதி எடையில் 110 கிராம் அளவே. ஆனால் அது ஆவியாகும்போது 180 லிட்டருக்கு மேற்பட்ட இடத்தை வேண்டும். ஏறத்தாழ ஒரு தார்ப் பீப்பாயின் கொள்ளளவு! இவ்வளவு ஆவியும் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு, கைப்பிடி அளவுள்ள வாயின் வழியே வெளிப்படுகிறது. ஆகவே குறைந்தது முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, மேற்குழாயைத் தொட்டு அது ஆறிவிட்டது என்று தெரிந்தபின், தடித்த துணியை மடித்து வைத்து, முதற்பூட்டு வரை மட்டும் மெல்லத் திருப்பி, எஞ்சிய அழுத்தம் வெளியேறியபின் முழுவதும் திறக்க வேண்டும். பிளாஸ்டிக் துணைத்தொட்டி மட்டும் உள்ள வண்டிகளிலும் அதன் மூடிக்கு இவ்விதி பொருந்தும்.

சாலையில் செய்யத்தக்க முதலுதவி

முள் நடுவை விட்டு ஏறத் தொடங்கியதும் குளிர்சாதனத்தை நிறுத்துக. வண்டியில் வெப்பமூட்டி இருந்தால், ஜன்னல்களைத் திறந்துவிட்டு அதை முழு அளவில் இயக்குக. இவ்வெப்பமூட்டியும் ஒரு சிறு ரேடியேட்டரே. எஞ்சினின் உஷ்ணத்தில் ஒரு பகுதியை வண்டிக்குள் கொண்டுவந்து விடுகிறது. அமர்ந்திருப்போருக்கு இது துன்பமாயினும் எஞ்சினுக்குச் சில நிமிஷ அவகாசம் தரும். நோயாளியோ குழந்தையோ உள்ளே இருப்பின் இவ்வழியை நாடாது, வண்டியை ஓரமாக நிறுத்துவதே தகும். பெல்ட் விசிறியுள்ள பழைய வண்டியாயின், கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சின் வேகத்தைச் சற்று உயர்த்தினால் விசிறியும் பம்பும் விரைவாகச் சுழலும். முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், தயக்கமின்றி எஞ்சினை நிறுத்துக. 'இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே' என்னும் எண்ணமே பல எஞ்சின்களுக்கு எமனாகியிருக்கிறது. சூடான எஞ்சினின்மேல் தண்ணீரை ஊற்றவும் கூடாது. நீர் வற்றிச் சூடேறிய எஞ்சினுக்குள் உடனே குளிர்நீரை நிரப்பவும் கூடாது. திடீர்க் குளிர்ச்சியால் உலோகம் வெடிக்கலாம்.

நாம் கற்பனை செய்த வண்டிக்கு மீண்டும் வருவோம். பாலராமபுரத்தில் முள் முதன்முறை ஏறி இறங்கியபோதே அது தன் நோயைத் தெளிவாகக் கூறிவிட்டது. அதனினும் மேலாக, அதற்கு முந்திய வாரங்களில் கடைத்தெருவிலும் ரயில் கேட்டிலும் நின்றபோதெல்லாம் அது ஓரளவு ஏறியிருக்கவே வேண்டும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, விசிறி சுழல்கிறதா என்று காதால் கேட்டிருந்தால் போதும். செலவில்லாத இச்சோதனையை மாதம் ஒருமுறையும், நீண்ட பிரயாணத்துக்கு முந்திய நாளிலும் செய்துகொள்வது ஒவ்வொரு வண்டிக்காரரின் கடமையாகும். வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்போருக்கு அது அன்றைய வருமானத்தைக் காக்கும். மருத்துவமனைக்கு விரையும் வண்டியில் இருப்பவருக்கோ வேறெதனாலும் ஈடுசெய்ய இயலாத நேரத்தைக் காக்கும்.